லீவில் போகும் சிப்பாயின் தலைக்கு யார் பொறுப்பு?

முகாமை விட்டு லீவில் புறப்படும் சிப்பாய் முதலில் துப்பாக்கியை ஒப்படைக்கிறார். ஒப்படைக்குமுன் மகசீனைக் கழற்ற வேண்டும், மணல் மூட்டைப் பக்கம் குழலைத் திருப்ப வேண்டும், உள்ளே ரவை இல்லை என்று இழுத்துக் காட்ட வேண்டும். எத்தனை வருடச் சேவை இருந்தாலும் இதில் விதிவிலக்குக் கிடையாது. அதே மனிதர் சற்று நேரத்தில் தன் சொந்த மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறார். காலில் ரப்பர் செருப்பு. ஹெல்மெட் முழங்கையில் தொங்குகிறது, அல்லது பெற்றோல் தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டயரில் பூ இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, இரவு முழுக்கக் காவலில் நின்ற மனிதர் ஓட்டும் நிலையில் இருக்கிறாரா என்று அந்த வாசலில் கேட்பார் இல்லை.

நான் அம்பாறைக் கரையோர வைத்தியசாலைகளில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஊர் வினாயகபுரம். திருக்கோவிலுக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாக நீண்டு கிடக்கும் ஊர். கொழும்பில் தொடங்கும் ஏ4 வீதி இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் என்று நாட்டைக் குறுக்கே கடந்து வந்து, எங்கள் பகுதி வழியாக அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று போகிறது. யுத்த காலத்தில் குண்டுக் காயமும் ஷெல் காயமும் பார்த்த அதே அவசர சிகிச்சைப் பிரிவுகளில், யுத்தம் முடிந்த பிறகு படையினரும் பொலிஸாரும் வந்து படுத்தது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்துதான். அதனால் சொல்கிறேன்: படையினர், பொலிஸார், விசேட அதிரடிப் படையினர், சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தினர் ஆகிய எல்லோருக்கும் மோட்டார் சைக்கிள் பாதுகாப்புப் பயிற்சியும் அதற்கான உடுப்பும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கடமை நேரத்தில் மட்டும் போதாது. லீவில் சொந்த வண்டியில் போகும்போதும் அந்தக் கட்டாயம் தொடர வேண்டும்.

படையினருக்காக நீ ஏன் கவலைப்படுகிறாய் என்று எங்கள் ஊரிலேயே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. சோதனைச் சாவடி தூரத்தில் தெரிந்தவுடனேயே வண்டியை நிறுத்தி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைக் காட்டிக்கொண்டு தள்ளிச் சென்ற காலம் அது. ஹெல்மெட் போட்டவன் முகத்தை மறைக்கிறவன், முகத்தை மறைக்கிறவன் சந்தேகத்துக்குரியவன். ஒரு தலைமுறைக்கு இது பாடமாகவே ஊறிவிட்டது. தெருவுக்குத் தெரு சாவடி இருந்தால் தலையில் மாட்டுவதும் கழற்றுவதும் பெரிய வேலை. எனவே பலர் மாட்டுவதையே விட்டார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு சாவடிகள் சில காலம் திரும்பவும் வந்தன. ஹெல்மெட்டின் மேல் எங்களுக்கு இருக்கும் அசட்டையின் வேரில் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் பாதுகாப்பைக் கழற்ற வைத்த வரலாறும் இருக்கிறது. கழற்றச் சொன்ன சீருடையே இன்று மாட்டிக் காட்டினால், ஆயிரம் சுவரொட்டி செய்யாத வேலையை அது செய்யும்.

இன்னொன்று, சீருடைக்குள் இருப்பவர்கள் யாரோ அல்லர். பொலிஸில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊர்காவல் படையாகத் தொடங்கிப் பின்னர் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக ஆன அமைப்பில் முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் வேலை செய்கிறார்கள். எங்கள் கரையோர முகாம்களில் நிற்கும் பையன்களில் பலர் மொனராகலைப் பக்கத்துக் கமக்காரரின் பிள்ளைகள். அவர்கள் விழுவதும் எங்கள் வீதியில்தான், தூக்கி ஓட்டோவில் ஏற்றுவதும் எங்கள் ஆட்கள்தான்.

அப்படி ஏற்றி வந்த ஒரு பையனை மறக்க முடியவில்லை. இரவுக் கடமை முடிந்த கையோடு விடியப்புறம் லீவில் புறப்பட்டவர். சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். வயலில் இருந்து ஏறிய லாண்ட்மாஸ்டர் ஒன்றின் பெட்டியில் பின்பக்கம் மோதியிருக்கிறார். பின்விளக்கு இல்லாத பெட்டி. ஹெல்மெட் தலையில் இருந்தது, நாடி வார் பூட்டியிருக்கவில்லை. எனவே விழுமுன்னே அது தனியாகப் பறந்துவிட்டது. தலை தப்பியது அதிர்ஷ்டம். வலது பாதம் தப்பவில்லை. அவருடைய பையை ஓட்டோக்காரர் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தார். திறந்து பார்த்தால் மேலே தங்கைக்கு வாங்கிய சட்டை, அடியில் அவருடைய கணுக்கால் மூடிய இராணுவச் சப்பாத்துச் சோடி, பொலிஷ் பளபளக்க. லீவு என்றவுடன் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு புறப்பட்டிருக்கிறார். அரசாங்கம் கொடுத்த அந்தச் சப்பாத்து காலில் இருந்திருந்தால் எலும்பு முறிந்திருக்கலாம், ஆனால் பாதத்தை எடுக்க வேண்டி வந்திருக்காது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். மறுநாள் வந்த தாயாருக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நிலைமையை விளக்கினேன். பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்தப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் உரியதில்லை. தீர்வின் தொடக்கமும் ஒரு படையில்தான் நிகழ்ந்தது. 1935 மே 13ஆம் திகதி, இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில், பொவிங்டன் இராணுவ முகாமுக்கு அருகில் ஒருவர் தன் பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் வந்த இரண்டு பையன்களில் மோதாமல் விலக முயன்று தூக்கி வீசப்பட்டார். ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலேயே மே 19ஆம் திகதி இறந்தார். அவர்தான் ‘லோறன்ஸ் ஒஃப் அரேபியா’ என்று உலகம் அறிந்த ரி.ஈ. லோறன்ஸ். முதலாம் உலக யுத்தத்தில் பாலைவனத்தில் சாகாத மனிதர், விமானப் படைச் சேவை முடிந்து சில வாரங்களில், தன் வீட்டுக்குப் பக்கத்து வீதியில் விழுந்து செத்தார்.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெயன்ஸ், அவுஸ்திரேலியாவில் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் பிரித்தானிய இராணுவத்தில் செய்தி எடுத்துச் செல்லும் மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக் காயங்களை அவர் ஒழுங்காக ஆராயத் தொடங்கினார். 1941இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட கணக்கு இது: யுத்தத்துக்கு முந்திய 21 மாதங்களில் பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளில் இறந்தவர்கள் 1,884 பேர். யுத்தம் தொடங்கிய பின் வந்த 21 மாதங்களில் 2,279 பேர். பெற்றோல் பங்கீட்டில் கிடைத்த காலம், வீதியில் வண்டிகள் குறைந்த காலம். ஆனாலும் சாவு கூடியது. இருட்டடிப்பும் இராணுவ வண்டிகளும் அதற்குக் காரணம். அவர் பார்த்த காயக்காரர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் ஏழு பேர்தான். அந்த ஏழு பேரில் ஒருவரும் சாகவில்லை.

ஏழு பேரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்று இராணுவம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1941 நவம்பரில், கடமையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒவ்வொரு சிப்பாயும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று கட்டளை பிறந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் சாவு இறங்கியதை 1946இல் கெயன்ஸ் வரைபடமாகவே போட்டுக் காட்டினார். பிரித்தானியப் பொதுமக்களுக்கு ஹெல்மெட் சட்டமானது 1973 ஜூனில். கெயன்ஸ் 1952இலேயே இறந்துவிட்டார். படை முதலில் போட்டது, மக்கள் முப்பது வருடம் கழித்துப் போட்டார்கள். இன்று நம் ஊரில் ஒருவர் தலையில் மாட்டும் ஹெல்மெட்டின் வழித்தடம் அந்த இராணுவக் கட்டளை வரை போகிறது.

ஆனால் அந்தக் கட்டளையில் ஒரு ஓட்டை இருந்தது: கடமையில் உள்ளபோது மட்டும். லோறன்ஸ் செத்தது கடமையில் அல்ல. எங்கள் பையன் பாதத்தை இழந்ததும் கடமையில் அல்ல. அந்த ஓட்டையின் ஆழத்தை அமெரிக்கா 2008இல் கண்டது. அந்த ஓராண்டில் அமெரிக்க மரைன் படையினர் 25 பேர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார்கள். அதே காலத்தில் ஈராக்கில் சண்டையில் இறந்த மரைன்கள் 20 பேர். யுத்த முனையில் இருந்து திரும்பி, கையில் சேர்ந்த சம்பளத்தில் வேகமான பைக் வாங்கி, எதற்கும் பயமில்லை என்ற நிலையில் ஓட்டியவர்கள். அமெரிக்கப் படைகளின் இன்றைய விதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படையாள் அங்கீகரித்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஹெல்மெட், கண் காப்பு, முழு விரல் கையுறை, நீளக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, கணுக்கால் மூடும் சப்பாத்து எல்லாம் போட வேண்டும். முகாமுக்குள் ஓடினாலும் வெளியே ஓடினாலும், கடமையில் என்றாலும் லீவில் என்றாலும் இதே விதி. சிப்பாயின் உடம்பு இருபத்துநான்கு மணி நேரமும் படைக்குத் தேவையான உடம்பு என்ற எளிய கணக்கில் எழுதப்பட்ட விதி அது.

பயிற்சி என்று சொல்லும்போது என்ன பயிற்சி என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்குவது அண்ணன், மாமா, மச்சான். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகிறவர் பல வருடம் ஓட்டிப் பழகிவிட்டுத்தான் போகிறார். எழுத்துப் பரீட்சை, சில மாதம் ‘எல்’ போர்ட், பிறகு எட்டுப் போட்டுக் காட்டினால் சரி. எட்டுப் போடுவதில் ஒருவருடைய சமநிலை தெரியும். அறுபதில் வரும்போது குறுக்கே மாடு வந்தால் என்ன செய்வார் என்பது தெரியாது. அமெரிக்காவில் ஹறி ஹேர்ட் என்ற ஆய்வாளரின் குழு, லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தது. விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து வந்த நொடியில் பின் பிரேக்கை மிதித்து வண்டியைச் சறுக்கவிட்டவர்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காதவர்கள் ஏராளம் என்பதும் அந்த ஆய்வின் முக்கிய முடிவு.

இதை வாசித்தபோது எங்கள் கரையோரம்தான் கண்முன் வந்தது. வினாயகபுரம், தம்பிலுவில், கோமாரி என்று எந்த ஊரின் உள்வீதியிலும் காற்று மணலைத் தாரின் மேல் கொண்டுவந்து பரப்பும். மணலில் முன் பிரேக்கை அழுத்தினால் முன்சில்லு இழுத்துக்கொண்டு போய் ஆளை விழுத்தும். எனவே பிள்ளைக்கு முதலில் சொல்வதே ‘முன் பிரேக்கைத் தொடாதே’ என்பதுதான். ஒழுங்கைக்கு அந்த அறிவு சரி. அதே பிள்ளை ஏ4க்கு ஏறி மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது அதுவே அவனைக் கொல்லும். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 16, 17 மீற்றர் ஓடும். கண் கண்டு கை செயற்படுமுன்னே அவ்வளவு தூரம் போய்விடும். அதன் பிறகு இரண்டு பிரேக்கையும் முறையாகப் பிடித்தால் உலர்ந்த தாரில் 20 மீற்றர் அளவில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தேவை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்கு வருவதால் நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கு முன்சில்லில்தான் இருக்கிறது. முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்காமல், தேங்காய்ப் பூவைப் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இது வாயால் சொல்லி வராது. வெறும் மைதானத்தில் திரும்பத் திரும்பச் செய்து கைக்கு வர வேண்டும். மைதானமும் கட்டுப்பாடும் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கமும் உள்ள இடம் படை முகாம். நாட்டில் வேறு எந்த நிறுவனத்துக்கும் இந்த வசதி இல்லை.

ஆனாலும் பயிற்சியை மட்டும் நம்பிவிடக் கூடாது. மோட்டார் சைக்கிள் பயிற்சி விபத்தைக் குறைக்கிறதா என்று பல நாட்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2010இல் உறுதியான முடிவு எதற்கும் வர முடியவில்லை என்றே சொன்னது. ஹெல்மெட் விடயத்தில் அந்தத் தயக்கம் இல்லை. அதே கொக்ரேன் அமைப்பின் 2008 மீளாய்வு, விபத்துக்குள்ளாகும் ஓட்டுநரின் சாவு அபாயத்தை ஹெல்மெட் 42 வீதமும் தலைக் காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று கண்டது. ஆகவே என் வரிசை வேறு. முதலில் உடுப்பு. இரண்டாவது தூக்கம். மூன்றாவதுதான் ஓட்டும் பயிற்சி. ஒரு நாள் வகுப்பு வைத்து, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று படைத் தலைமை நினைத்தால் அந்த வகுப்பு வைக்காமல் விடுவதே மேல். திறமை வந்துவிட்டது என்ற நினைப்பு இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இன்னும் பத்துக் கிலோமீற்றர் வேகத்தைக் கொடுக்கும்.

உடுப்பில் ஹெல்மெட்டைத் தொட்டு ஆரம்பிப்போம். வெளி ஓட்டைத் தட்டிப் பார்த்துக் கெட்டி என்று வாங்குகிறோம். காப்பது உள்ளே இருக்கும் ரெஜிபோம் படைதான். அடிபடும்போது அது நசுங்கி, மூளைக்குப் போகும் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை நசுங்கினால் மீண்டும் எழாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே செத்துப்போன ஹெல்மெட்டுகள் எத்தனையோ எங்கள் வீதிகளில் ஓடுகின்றன. எஸ்.எல்.எஸ். 517 என்பது இலங்கைத் தரம். அந்த முத்திரை இல்லாததைச் சீருடைக்காரர் தலையில் வைக்கக் கூடாது. சண்டைக்குக் கொடுக்கும் ஹெல்மெட்டும் இதற்கு உதவாது. அது சிதறல் துண்டைத் தடுக்கச் செய்தது, தார் வீதியில் தலை மோதும் அதிர்ச்சியை வாங்குவதற்கு அல்ல. வார் பூட்டாத ஹெல்மெட் தொப்பிக்குச் சமம்.

முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டே நல்லது. நாடியும் தாடையும் உடைந்து வந்தவர்களின் மூச்சுப் பாதையைக் காப்பாற்றப் பட்ட பாட்டை மறக்காதவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன். 2015இல் இந்த வகை ஹெல்மெட்டையே தடை செய்யப் பொலிஸ் முற்பட்டது. குற்றவாளிகள் முகத்தை மறைக்கிறார்கள் என்பது காரணம். மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது நல்ல வேளை. சாவடிக் காலத்து யோசனை சமாதான காலத்திலும் எப்படித் தலை தூக்கும் என்பதற்கு அது உதாரணம். கொள்ளைக்காரனைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது; உடைந்த தாடையைப் பழையபடி பொருத்த எல்லா வைத்தியசாலையிலும் வழி இல்லை. மண்டைக்குள் இரத்தம் கசிந்தால் திருக்கோவில் பக்கத்தில் இருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் வந்த பிறகு எவ்வளவோ உயிர் தப்பியிருக்கிறது. ஆனால் மூளை வீங்கும் வேகத்தோடு எந்த அம்பியூலன்ஸும் போட்டி போட முடியாது.

அடுத்தது நிறம். இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. இராணுவ உடுப்பு கண்ணில் படாமல் இருப்பதற்கென்றே தைத்தது. பச்சையும் மண் நிறமும் கலந்த அந்தச் சட்டையோடு, மம்மல் நேரத்தில், இரண்டு பக்கமும் வயலும் பற்றையும் உள்ள வீதியில் ஒருவர் வந்தால் எதிரே வரும் பஸ் சாரதிக்கு அவர் தெரிய மாட்டார். காட்டில் உயிரைக் காத்த துணி வீதியில் உயிரைக் கேட்கும். ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு மேலங்கி, மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும், விலையும் அதிகமில்லை. கையுறையும் வேண்டும். விழுகிறவர் தன்னை அறியாமலேயே இரண்டு உள்ளங்கையையும் ஊன்றுவார். தோல் உரிந்த உள்ளங்கையோடு வந்தவர் மாதக் கணக்கில் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கண் காப்பும் தேவை. கதிர் முற்றும் காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வயல் பூச்சி கண்ணில் வந்து மோதும். வெயிலில் தடித்த தோல் ஜக்கெற் எங்கள் கரைக்குச் சரிவராது, அதை ஒப்புக்கொள்கிறேன். காற்றுப் புகும் வலைத்துணியில், தோளிலும் முழங்கையிலும் பட்டை வைத்துத் தைக்கலாம். இலங்கை உலகத்துக்கே உடுப்புத் தைக்கும் நாடு. தன் சிப்பாய்க்கு ஒன்றைத் தைக்க முடியாதா?

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், விடயம் சிக்கலானதல்ல. இரவுக் கடமை முடித்தவரை விடியப்புறம் மோட்டார் சைக்கிளில் லீவுக்கு அனுப்பக் கூடாது. ஆறு மணி நேரம் படுத்து எழும்பிய பிறகே சாவி கையில் கிடைக்க வேண்டும். தூரம் நூறு கிலோமீற்றருக்கு மேல் என்றால் பஸ்ஸில் அனுப்புங்கள். லீவு நேரத்தைப் படுத்து எழும்பிய பிறகு எண்ணத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் எந்தப் பையனும் படுக்க மாட்டான்.

வீட்டுக்குப் போன பிறகு அந்த வண்டியில் இன்னும் மூன்று பேர் ஏறுவார்கள். தாங்கியின் மேல் மூத்த பிள்ளை, பின்னால் மனைவி, நடுவில் கைக்குழந்தை. ஓட்டுகிறவர் தலையில் மட்டும் ஹெல்மெட். இந்தக் காட்சி கல்முனைக் கடைத்தெருவிலும் அக்கரைப்பற்றுச் சந்தியிலும் ஒரே மாதிரிதான். சின்னத் தலைக்கு அளவான ஹெல்மெட் எங்கள் கடைகளில் தேடினாலும் இலேசில் கிடைக்காது. முஸ்லிம் சகோதரிகள் அபாயாவோடு பின்னால் இருக்கும்போது துணி விளிம்பு செயினிலோ பின்சில்லிலோ சிக்கி இழுத்து விழுத்திய காயங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சேலையிலும் தாவணியிலும் அதே ஆபத்து. முழு செயின் மூடியும் பக்கத்துக் கம்பி வலையும் பூட்டினால் தீர்கிற விடயம். பலர் ஸ்டைலுக்காக அவற்றைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். படைப் பயிற்சியில் குடும்பத்தையும் ஒரு நாள் கூப்பிட வேண்டும் என்பது இதற்காகத்தான். முகாம் கன்ரீனில் குறைந்த விலைக்குப் பொருள் விற்கிறார்கள். அந்தப் பட்டியலில் பிள்ளைகளுக்கான ஹெல்மெட்டையும் சேர்க்கலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் வாசலில் என்பேன். துப்பாக்கியைப் பார்க்கும் அதே காவலாளி வண்டியையும் பார்க்கட்டும். டயர், பிரேக், முன்விளக்கு, பின்விளக்கு, முத்திரை உள்ள ஹெல்மெட், பூட்டிய வார், காலில் சப்பாத்து. இரண்டு நிமிட வேலை. ஒன்று குறைந்தாலும் வண்டி உள்ளே நிற்கும், ஆள் பஸ்ஸில் போவார். கப்டனாக இருந்தாலும் கான்ஸ்டபிளாக இருந்தாலும் ஒரே விதி. ஹெல்மெட்டும் மேலங்கியும் சீருடையோடு சேர்த்து அரசாங்கச் செலவில் கொடுக்கப்பட வேண்டும். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துச் சம்பளத்தில் நல்ல ஹெல்மெட் வாங்கச் சொல்வது நியாயமில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை புது மோட்டார் சைக்கிள் கிடைப்பது அரிதானதால் பலர் பழைய வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் சில்லுப் பூட்டாமல் தடுக்கும் பிரேக் முறை இல்லை. அந்த வண்டிகள் இன்னும் நீண்ட காலம் ஓடும். எனவே இயந்திரம் காப்பாற்றும் என்று காத்திருக்க வழியில்லை.

எங்கள் மாவட்டத்தில் இதைப் பரீட்சித்துப் பார்க்க நல்ல காலம் ஆடி மாதம். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நாலு திசையில் இருந்தும் சனம் வரும், வீதி முழுக்க மோட்டார் சைக்கிள். கடமைக்கு வரும் பொலிஸாரும் அதிரடிப் படையினரும் பூட்டிய ஹெல்மெட்டும் ஒளிரும் மேலங்கியுமாகத் தங்கள் வண்டிகளில் வந்து இறங்கட்டும். பிடித்துத் தண்டம் எழுதுமுன் சனம் அவர்களைப் பார்க்கட்டும்.

பயிற்சியில் ஒரு மணி நேரத்தை முதலுதவிக்கு ஒதுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் விபத்து நடந்தால் ஓடி வருகிறவர் முதலில் செய்வது ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றுவது, அடுத்தது தலையைத் தூக்கித் தண்ணீர் பருக்குவது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பிலேயே கைகால் வழங்காமல் போகும். மூச்சுக்குத் தடை இல்லாவிட்டால் ஹெல்மெட்டைத் தொடாமல் 1990ஐ அழைக்க வேண்டும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் நாடியையும் கீழிருந்து அசையாமல் தாங்கிக்கொள்ள, மற்றவர் ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்து, மூக்கில் சிக்காமல் மெதுவாக உருவ வேண்டும். எங்கள் கரையோரத்தில் எந்த முகாம், எந்தப் பொலிஸ் நிலையம் அழைத்தாலும் இதைச் செய்து காட்ட நான் வருவேன். பழைய ஹெல்மெட் ஒன்றும், தரையில் படுக்க ஒரு பையனும் இருந்தால் போதும்.